வலிக்காத எடம்

உக்காரு தாயி, நல்லா நகந்து உக்காரு. இது எங்க வீட்டுக்காரவுக எடந்தான், ஆனா அவுக வர மாட்டாக. அந்தா பாரு, முன்னால டிரைவர் பக்கத்துல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு கதை பேசுறாகள்ல, வெள்ளை மீசை, அவுகதான். கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவரா இருந்தவுக. ரிட்டயராகி வருசம் எத்தனையோ ஆச்சு, இன்னமும் பஸ்ஸுல ஏறுனா சீட்டுல உக்காரச் சொன்னா கோவம் வந்துரும்.

பேரா? நல்லாக் கேட்ட போ. இந்தா ஆஸ்பத்திரி சீட்டு, இதுல இருக்கு, நீயே படிச்சுக்க. நான் சொல்றதில்ல. கட்டுனவுக பேரை வாயால சொல்லி எங்களுக்குப் பழக்கமில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளைத்தான் சொல்லச் சொல்லுவேன். இப்பத்துப் பிள்ளைக வாடா போடாங்குதுக, அது அதுக பாடு. படிச்சிட்டியா? ம், அதுதான் பேரு. மடிச்சுக் குடு.

மதுரைக்கு சுகர் ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். எனக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கேன். அவுகளுக்குத்தான். சர்க்கரை இருக்கிறது பெரிய விசயமில்ல தாயி, இன்னைக்கு யாருக்குத்தான் இல்ல? அங்க ஒருத்தி இருக்கா பாரு. ஜெபராணின்னு பேரு. நர்ஸு. எங்க மக வயசுதான் இருக்கும். டாக்டரம்மா கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள பாத்து அனுப்பிருவாக. மத்ததெல்லாம் இவதான். ஊசி போடச் சொல்லிக் குடுக்கிறது, காலைப் பாக்கிறது, என்ன திங்கணும் எப்படி நடக்கணும்னு பாடம் எடுக்கிறது, எல்லாம் இவ.

மொத நாளு போனப்பவே எனக்குப் பிடிக்கலை. அத்தனை சனம் உக்காந்திருக்கிற எடத்துல வந்து நின்னு அவுக பேரைச் சத்தமாக் கூப்பிட்டா. முழுப் பேரு. எனக்கு உடம்பெல்லாம் கூசிருச்சு. அவுக என்னடான்னா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பா எந்திரிச்சு நிக்கிறாக! டெப்போவுல மேனேஜர் கூப்பிட்டாக்கூட பீடியை அணைச்சுட்டு ஆடி அசைஞ்சு போற மனுசன். டெப்போவுல யாரும் பேரு சொல்லமாட்டாக, "மீசை"ன்னுதான் கூப்பிடுவாக. வீட்டுல நான் "ஏங்க". இவகிட்டப் போயி என்ன சொன்னாக தெரியுமா? "எங்கம்மா செத்ததுக்கப்புறம் இந்தப் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடலை சிஸ்டர்" அப்பிடின்னாக. பல்லைக் காட்டிக்கிட்டுச் சொல்றாக, நான் பக்கத்துல இருக்கேன். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு.

நான் எத்தனை வருசமாத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், டீயில சீனியைக் கொறைங்க, கொறைங்கன்னு. கேட்டாகளா? அவ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "சீனியை விட்டுருங்கப்பா"ன்னா. வீட்டுக்கு வந்ததும் வராததுமா சீனி டப்பாவைத் தூக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டுல குடுத்துட்டாக. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. எனக்குச் சீனி இல்லாம டீ எறங்காது. நான் தனியா ஒரு டப்பா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால மறைச்சு வச்சிருக்கேன். என் வீட்டுல நானே திருடி மாதிரி.

அப்புறம் இந்தச் செருப்பு. இது இன்னும் கூத்து. காலைப் பாக்கணும்னு சொல்லி ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்தா. அவுக பாதத்தை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. மடியில! தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணு வச்சிருக்கா, "கண்ணை மூடிக்கங்கப்பா, நான் தொடுறப்ப சொல்லுங்க"ங்கிறா. இவுக கண்ணை மூடிக்கிட்டு "இப்ப… இப்ப…"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஆனா ஓரக்கண்ணு போகுமுல்ல. கட்டைவிரலுக்குக் கீழ ரெண்டு மூணு எடத்துல அவ தொடுறா, இவுக ஒண்ணுமே சொல்லலை. கண்ணை மூடிக்கிட்டு சும்மாவே இருக்காக. பொய் சொல்லலை தாயி, எனக்கு அப்ப வயிறு குளுந்துச்சு. அவ தொடுறது அவுகளுக்குத் தெரியலையே!

அவ மூஞ்சி மாறிப் போச்சு. "காலு மரத்திருக்குப்பா. முள்ளு குத்துனாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுத்தான் நடக்கணும், தெனமும் பாதத்தைப் பாக்கணும்"ன்னா. அன்னைல இருந்து வீட்டுக்குள்ள செருப்பு. அடுப்பங்கரைக்குச் செருப்பு. சாமி படத்துக்கு முன்னால மட்டும் கழட்டுறாக, அதுவும் நான் அழுததுக்கப்புறம். ராணி சொன்னா ராணி சொன்னான்னு. ஜெபராணிதான, என்னமோ இவுக நாட்டுக்கே ராணி மாதிரி.

சரி, அதையெல்லாம் விடு. ஊசி மட்டும் என் கையில இருந்துச்சு தாயி. அது ஒண்ணு போதும்னு இருந்தேன்.

மாத்திரைக்கு அடங்காம ஊசி எழுதுனப்ப இவுகளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. மலைப்பாதையில பிரேக் பிடிக்காத பஸ்ஸைக் கொண்டு வந்து எறக்குன ஆளு, ஊசின்னா பயம். அப்ப நான்தான் சொன்னேன், எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் போடுறேன்னு. அவளும் சொல்லிக் குடுத்தா, அதையும் சொல்லணும்ல. பேனா மாதிரி இருக்கும். வாலைத் திருகுனா டிக் டிக்னு நம்பர் ஏறும், குத்திட்டு அமுக்கணும், அமுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருக்கணும். பஞ்சுத் தலகாணி மாதிரி ஒண்ணுல என்னையப் போட்டுப் பாக்கச் சொன்னா. மொதத் தடவையே சரியாப் போட்டேன். "ஒரே எடத்துல போடாதீங்கம்மா, வயித்துல, தொடையில, மாத்தி மாத்திப் போடுங்க"ன்னா. சரின்னேன்.

மாத்தி மாத்தித்தான் போட்டேன். குத்துற போதெல்லாம் அவுக "ஆ"ங்குறாக. எனக்கு மனசு கேக்குமா? அப்புறம் தொப்புளுக்கு எடப்பக்கம் ஒரு எடம் கண்டுபிடிச்சேன். அங்க போட்டா அவுகளுக்கு வலிக்கவே இல்ல. பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்க மாட்டாக. "போட்டுட்டியா? தெரியவே இல்லையே, உன் கையி பூ மாதிரி"ன்னாக. தாயி, இந்த ஆயுசுல என் கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னதில்ல அந்த மனுசன். என் கையைப் பூன்னு சொன்னாக.

உனக்குச் சொன்னாப் புரியுமோ என்னமோ. டிரைவர் பொண்டாட்டிக்குப் புருசன் எங்க வீட்டுல இருந்தாக? ராத்திரியெல்லாம் பஸ்ஸு, பகலெல்லாம் தூக்கம். நான் அவுக மூஞ்சியைப் பாத்ததைவிட முதுகைப் பாத்ததுதான் சாஸ்தி. இப்ப காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டு, பனியனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாக. நான் வேணும்னே அடுப்புல கொஞ்சம் நேரத்தைக் கடத்துவேன். "வாடி, இட்லி ஆறுது"ம்பாக. அந்த எடத்துல போடுவேன். தெனமும் அதே எடம். காலையிலயும் அதே, சாயங்காலமும் அதே. வலிக்காத எடம் இருக்கிறப்ப எதுக்கு வேற எடத்துல குத்தணும்?

ஆனா சர்க்கரை மட்டும் எறங்கலை. டாக்டரம்மாவும் நம்பரைக் கூட்டிக் கூட்டி எழுதுறாக, மிஷின்ல குத்திப் பாத்தா முன்னூறுக்குக் கொறைய மாட்டேங்குது. இவ என்னையக் கேக்குறா, "வீட்டுல சாப்பாடு எப்படிம்மா, மத்தியானம் எவ்வளவு சோறு வைக்கிறீங்க"ன்னு. என் சமையலைக் குத்தம் சொல்றா. நான் கேப்பைக் களி கிண்டிக் கிண்டிக் கை வீங்கிக் கெடக்கேன். எனக்கு வந்த கோவத்துக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

போன தடவை போனப்ப, "சட்டையைத் தூக்குங்கப்பா, படுங்க"ன்னா. கட்டுல்ல படுக்க வச்சு ரெண்டு வெரலால வயித்தை அமுக்கி அமுக்கித் தடவுறா. நான் அங்கயே நிக்கிறேன். தொப்புளுக்கு எடப்பக்கம் வந்ததும் வெரலு நின்னுருச்சு. "இங்க என்ன இப்படிக் கட்டியா இருக்கு?"ங்கிறா. இவுக பெருமையாச் சொல்றாக, "அதுதான் சிஸ்டர் வலிக்காத எடம். என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சா. தெனமும் அங்கதான்." நான் வேண்டாம் வேண்டாம்னு கண்ணைக் காட்டுறேன், அவுக விட்டத்தைப் பாத்துக்கிட்டுல்ல படுத்திருக்காக.

அவ என்னையப் பாத்தா. திட்டலை. திட்டிருந்தாக்கூட நான் ரெண்டு கேட்டுருப்பேன். மெதுவா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, "அம்மா, அது மரத்துப் போனதாலதான் வலிக்கலை. ஒரே எடத்துல குத்திக் குத்தி உள்ள கொழுப்பு தடிச்சுப் போச்சு. இதுல போட்ட மருந்து உடம்புல சரியாச் சேரவே இல்ல. இனிமே இந்த எடத்தைத் தொடாதீங்க. தொடையில போடுங்க. புது எடத்துல மருந்து சட்டுனு பிடிக்கும், அதனால டாக்டர்கிட்டச் சொல்லி நம்பரைக் கொறைச்சு எழுதி வாங்கித் தாரேன், பழைய நம்பர் வைக்கவே கூடாது"ன்னா.

தெனமும் காலையில நான் போட்டதெல்லாம் வீணுங்குறா. அவுக பனியனைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தது, பூ மாதிரின்னு சொன்னது, எல்லாம் வீணு.

பஸ்ஸுல திரும்பி வாரப்ப நான் யோசிச்சேன். இப்ப இவ சொன்னபடி நம்பரைக் கொறைச்சுப் போட்டு, சர்க்கரையும் எறங்கிருச்சுன்னு வையி. யாருக்குப் பேரு? அவளுக்கு. இவ்வளவு நாளா பொண்டாட்டி நெறைய மருந்து போட்டும் எறங்கலை, சிஸ்டர் கொஞ்சூண்டுல எறக்கிட்டான்னு இவுக ஊரெல்லாம் சொல்லுவாக. அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு நான் அந்த வீட்டுல இருக்க முடியுமா?

மறுநா காலையில தொடையிலதான் போட்டேன், அதுல மாத்தம் இல்ல. நம்பர் பழைய நம்பரே வச்சேன். அதுவும் டாக்டரம்மா எழுதுன நம்பர்தான? நானா எழுதுனேன்? இவுக பேப்பருக்குப் பின்னால இருந்து, "என்னடி, டிக்கு டிக்குன்னு பழைய கணக்குக்கே திருகுற மாதிரி சத்தம் கேக்குது?"ன்னாக. இஞ்சின் சத்தம் கேட்டே என்ன ரிப்பேர்னு சொல்ற காது அது. "நீங்க பேப்பரைப் பாருங்க"ன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தாக. பேப்பரை மடிச்சு வச்சுட்டுத் தொடையைக் காட்டுனாக.

இட்லி தின்னாக. நான் துணி தொவைக்கப் போயிட்டேன். வெயில் ஏறி வந்து பாத்தா நாக்காலியில உக்காந்து வேர்த்துக் கொட்டுறாக. பனியன் தொப்பலா நனைஞ்சிருக்கு, கை நடுங்குது. "என்னங்க"ன்னா, "டபுள் விசில் குடுக்காம ஏன்டா நிக்கிற"ன்னு என்னைய வையிறாக! ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைத் திருப்புறாக. "படிக்கட்டுல நிக்காத, உள்ள ஏறு, உள்ள ஏறு"ங்குறாக. நான் வெளையாடுறாகன்னு சிரிச்சேன் தாயி. தொடையில ஊசி போட்ட அன்னைக்கே இவ்வளவு குசும்பான்னு சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே தலை சாஞ்சிருச்சு.

என்னான்னு சொல்லுவேன். மகளுக்குப் போடலாம்னு அவுக போனை எடுத்தா, மொத நம்பரே அவ நம்பருதான். மக நம்பருக்கும் மேல. அந்த நேரத்துலயும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அதைத்தான் அமுக்குனேன். ஒரே மணியில எடுத்துட்டா. நான் அழுதுக்கிட்டே சொன்னேன். "தாழ்ந்திருச்சும்மா, சர்க்கரை ரொம்பத் தாழ்ந்திருச்சு. பயப்படாதீங்க. மொதல்ல பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க, கண்ணைத் தொறக்குறாரான்னு பாருங்க. தொறந்து முழுங்க முடிஞ்சாத்தான் சீனித் தண்ணி. முடியலைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நூத்தியெட்டுக்குப் போடுங்க"ன்னா.

நான் "ஏங்க, ஏங்க"ன்னேன். அசையலை. "'ஏங்க' இல்லம்மா, பேரு, பேரைச் சொல்லுங்க"ன்னு போனுக்குள்ள இருந்து அவ கத்துறா.

கூப்பிட்டேன் தாயி. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வாயில வராத பேரை, தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப கண்ணைத் தொறந்தாக. என் மூஞ்சியை உத்துப் பாத்தாக. பாத்துட்டு என்ன சொன்னாக தெரியுமா?

"சிஸ்டர்… வந்துட்டீங்களா?"

சிரிக்காத தாயி. சிரிக்கிற விசயமா இது? உசுரு போற நேரத்துல தொண்டை கிழியக் கூப்பிட்டது நான், அவுகளுக்குக் கேட்டது அவ. அரிசி டிரம்முக்குப் பின்னால இருந்து என் சீனி டப்பாவை எடுத்துத் தண்ணியில கரைச்சு, கன்னத்தைப் பிடிச்சு, அந்த "சிஸ்டர்"னு சொன்ன வாயிலயே மடக்கு மடக்கா ஊட்டினேன். கண்ணுல தண்ணியா ஊத்துது. பயத்துல வந்ததா, வயித்தெரிச்சல்ல வந்ததா, எனக்கே தெரியலை.

கொஞ்ச நேரத்துல மனுசனுக்குத் தெளிஞ்சிருச்சு. "நீயா?"ன்னாக. "நான்தான், ஏமாத்தமா இருக்கோ?"ன்னேன். அவ போன்லயே இருந்தா. திரும்ப மிஷின்ல பாக்கச் சொன்னா, ரெண்டு இட்லி குடுக்கச் சொன்னா. அப்புறமா, "காலையில எவ்வளவு நம்பர் வச்சீங்கம்மா?"ன்னா. "நீங்க எழுதிக் குடுத்ததுதான்"னேன். பின்ன என்ன சொல்ல? அவகிட்டப் போயி வேற என்ன சொல்ல முடியும்?

உடனே இவுக போனைப் பிடுங்கிட்டாக. எந்திரிச்சு உக்காரத் தெம்பில்ல, அவகூடப் பேசுறதுக்கு மட்டும் கையி வருது. "சிஸ்டர், அவ மேல தப்பில்ல, பழைய நம்பரை நான்தான் திருகி வச்சுட்டேன், நான் பாக்காம வச்சுட்டேன்"னு சொல்றாக. நான் செஞ்சதைத் தான் செஞ்சதாச் சொல்லி அவகிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்குறாக! என்ன மனுசன் பாரு.

அதுக்குத்தான் இன்னைக்குப் போறது. இனிமே அவுகளே ஊசி போட்டுக்கக் கத்துக்கணுமாம். அவ சொல்லிக் குடுக்கப் போறாளாம். அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு, அதுவும் போகப் போகுது. நேத்துப் போன்ல இவுக சொல்லிப் பாத்தாக, "எனக்கு வேணாம் சிஸ்டர், அவளே போடட்டும், அவளுக்குச் சரியாச் சொல்லிக் குடுங்க, அது போதும்"னு. பயம் தாயி, ஊசின்னா பயம், வேற என்ன? ஆனா இப்ப ஒரு வாரமா எங்க குத்தினாலும் கத்துறதில்ல. தொடை துடிக்கிறது எனக்குத் தெரியுது, வாயி மட்டும் "வலிக்கலை, வலிக்கலை"ங்குது. தைரியசாலின்னு நான் போயி அவகிட்டச் சொல்லணும்னுதான்.

இன்னொரு கூத்தைக் கேளு. இந்த ஒரு வாரமா ஊசி போட்டு முடிச்சதும், வேட்டியை எறக்கி விட்டுக்கிட்டே, "அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிடுடி"ங்குறாக. தெனமும் இதே பாட்டு. நான் எதுக்குக் கூப்பிடணும்? அவ கூப்பிடுறதை என் வாயில கேக்கணுமாம். நானென்ன நர்ஸா? மாட்டேன்னுட்டேன். நேத்துச் சாயங்காலம் கெஞ்சவே செஞ்சாக. "மாட்டேன், அங்கதான போறோம், போயி அவகிட்டயே கேட்டுக்கங்க"ன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. நல்லா சுருங்கட்டும்.

அந்தா, ஆஸ்பத்திரி போர்டு தெரியுது. எங்க ஸ்டாப்பு வந்துருச்சு. பையை எடுக்கணும், கொஞ்சம் காலை மடக்கிக்க தாயி. இவுக பாரு, பேச்சு சுவாரசியத்துல எறங்குறதையே மறந்துட்டாக. ஏங்க! ஏங்க! பாத்தியா, பஸ்ஸுல இருக்கிற ஆம்பளை அத்தனை பேரும் திரும்புறாக, இவுகளைத் தவிர. ஏங்க, எடம் வந்துருச்சு! ஐயையோ, விசில் அடிச்சுட்டான், பஸ்ஸை எடுத்துருவான் போலருக்கே. ஏங்க!

தவசிலிங்கம்!

…திரும்பிட்டாக. நல்லவேளை, டிரைவரு நிறுத்திட்டாரு. பாரு பாரு, எப்படி ஓடியாராகன்னு. டிரைவர்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கிறாக, கேட்டியா? என்னது? "என் வீட்டுக்காரிதான்யா, என்னைத்தான் கூப்பிடுறா"ன்னாகளா? அத்தனை சனத்துக்கும் கேக்குற மாதிரியா சொன்னாக? மீசையை வேற தடவிக்கிறாக. மூஞ்சியைப் பாரு தாயி, பல்லு அத்தனையும் தெரியுது. கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிச் சிரிச்சதில்ல.

சிரிக்காம என்ன செய்வாக? ஆஸ்பத்திரி வந்துருச்சுல்ல.